நூலக மேசை: எண்ணிக்கை நின்ற இடம்

ஓர் ஆசிரியரின் நூல்களை வரிசையிட்டு, இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று வழக்காடுவதில் வாசகர்க்கு உள்ள இன்பம் தனி இன்பம். நம் சங்க நூலகத்தில் இத்திங்கள் அவ்வழக்கில் அகப்பட்டவர் அமெரிக்க நாவலாசிரியர் மைக்கேல் கிரைட்டன். 1942-இல் சிகாகோவில் பிறந்த இவர், ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றும் மருத்துவம் பாராமல் எழுத்தையே தொழிலாகக் கொண்டார், 2008-இல் மறைந்தார். அறிவியலையும் அச்சத்தையும் இணைத்துக் கதை சொல்வதில் இவருக்கு நிகரானோர் சிலரே.

மருத்துவமனையில் பணிபுரியும் சகோதரி ஒருவர், 1969-இல் வெளிவந்த 'தி ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெயின்' நாவலுக்கே முதலிடம் தந்தார். விண்ணிலிருந்து இறங்கிய செயற்கைக்கோளோடு வந்த நுண்ணுயிர் ஒன்று அரிசோனாவின் சிற்றூரை அழிக்கிறது. உயிர் தப்பியோர் ஒரு முதியவரும் ஒரு கைக்குழந்தையுமே. காரணம் தேடி அறிஞர் சிலர் நிலத்தடி ஆய்வுக்கூடம் புகுகின்றனர். அங்கு வந்த முக்கியச் செய்தியொன்று எவர் கண்ணிலும் படாமற் கிடக்கிறது. ஏன் தெரியுமா? டெலிபிரிண்டரின் மணிக்கும் அதை அடிக்கும் சுத்திக்கும் இடையே ஒரு காகிதத் துணுக்கு சிக்கிக்கொண்டது! அலுவலகங்களை அறிந்த எவரும் இதை மிகையென்று சொல்லார். ஆயினும், இறுதியில் அந்நுண்ணுயிர் தானே உருமாறித் தீங்கற்றதாகி விடுவது பெருத்த ஏமாற்றம் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மறுத்துரைத்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

ரயில்வேயில் பேரேடு எழுதும் நமக்கு, 1975-இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' மீது தனிப் பற்று இருப்பதில் வியப்பில்லை. 1855-இல், லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டன் துறைமுகத்துக்குச் சென்ற ரயிலில் நிகழ்ந்த பொன் திருட்டே அதன் மூலம். பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் ஆசிரியர் வேண்டியபடி மாற்றிக்கொண்டார். உண்மை வழக்கில் ரயில்வே குமாஸ்தா ஒருவரும் கார்டு ஒருவரும் திருடர்க்கு உடந்தையாயினர். எடுத்த பொன்னுக்கு ஈடாகப் பெட்டிகளில் ஈயக் குண்டுகளை நிரப்பினர். பிரான்சில் பெட்டிகளை நிறுத்தபோதோ லண்டனில் குறித்த எடை ஒத்து வரவில்லை. பூட்டை ஏமாற்றியவர்களால் தராசை ஏமாற்ற முடியவில்லை.

எனினும், இளைஞர் அனைவரும் ஒரே குரலில் கேட்ட நூல் 1990-இல் வெளியான 'ஜுராசிக் பார்க்'தான். திரைப்படம் பார்த்தோரும் நூலைப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. நூலின் மிகச் சிறந்த இடம் கணக்குப் பார்க்கும் இடமாகும். தீவில் உள்ள விலங்குகளைக் கணினி ஓயாது எண்ணுகிறது. இருக்க வேண்டியவை 238. கணினி எப்பொழுதும் 238 என்றே காட்டுகிறது. எல்லாம் பெண் விலங்குகளே, பெருக வழியில்லை என்று உரிமையாளர் நிம்மதியாயிருக்கிறார். ஐயுற்ற அறிஞர் ஒருவர், இன்னும் மிகுதியாகத் தேடுமாறு கணினியைப் பணிக்கச் சொல்கிறார். தொகை 292 ஆகிறது! கணினி பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்த தொகை கிடைத்தவுடன் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவே. விலங்கு குறைந்துவிடுமோ என்று அஞ்சியவர்கள், கூடிவிடுமோ என்று கேட்கவேயில்லை.

இனி, தாழ்ந்தது எது? 2004-இல் வந்த 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' என்பதே நம் தீர்ப்பு. புவி வெப்பமடைவதைப் பெரிதுபடுத்தி அச்சமூட்டுகிறார்கள் என்பது அதன் வாதம். அடிக்குறிப்புகளும் வரைபடங்களும் நூல் முழுதும் நிறைந்திருக்கின்றன. வெப்பம் ஏறாத, குறைந்தும் போன சில ஊர்களின் பதிவுகளை எடுத்துக்காட்டிக் கதைமாந்தர் வாதிடுகின்றனர். வெறும் கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே அமெரிக்க செனட்டின் குழு ஒன்று இந்நாவலாசிரியரைச் சாட்சியம் கூற அழைத்தது. நம் இளைஞர் ஒருவரும் இந்நூலைக் கையில் ஏந்தி, புவி வெப்பமாதல் கட்டுக்கதை என்று நூலக மேசையிலேயே வாதாடினார். நடையின் விறுவிறுப்பும் அடிக்குறிப்புகளின் மிடுக்கும் அவரை வென்றுவிட்டன.

அவருக்கு மறுமொழியாக நம் நகரத்தின் கோடையைச் சுட்டிக்காட்டினார் ஒருவர். அதுவும் பொருந்தாது. ஓர் ஊர் குளிர்ந்ததால் உலகம் குளிர்ந்ததாகாது. ஓர் ஊர் கொதித்ததால் உலகம் கொதித்ததாகவும் ஆகாது. ஒரு நிலையத்தின் வசூலைக் கொண்டு ரயில்வே முழுவதன் வரவைக் கூறத் துணியும் குமாஸ்தா உண்டோ? எல்லா நிலையங்களின் கணக்கையும் கூட்டியாக வேண்டும். நிலத்திலும் கடலிலும் எடுத்த அளவுகளை அறிஞர்கள் அவ்வாறே கூட்டிப் பார்த்துள்ளனர். 2024-ஆம் ஆண்டு, அதுவரை பதிவான ஆண்டுகள் அனைத்திலும் வெப்பம் மிக்கது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை மனிதர் எரிப்பதே இதற்கு முதன்மைக் காரணம் என்பதும் நிலைபெற்ற முடிபு.

எதிர்பார்த்த எண் கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்தும் இயந்திரத்தை 1990-இல் நமக்குக் காட்டி எச்சரித்த அதே பேனா, பதினான்கு ஆண்டுகள் கழித்து, தான் வேண்டிய ஊர்களின் பதிவு கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது! அவருடைய சிறந்த நூலுக்கும் தாழ்ந்த நூலுக்கும் உள்ள வேற்றுமை நடையிலன்று, திறத்திலுமன்று. முன்னதில் ஆசிரியர் வினா கேட்கிறார். பின்னதில் விடையைக் கையில் வைத்துக்கொண்டு சான்று தேடுகிறார்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு சொல். இந்நூலைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டா. 'ஜுராசிக் பார்க்'கை முதலிலும் இதனை அடுத்தும் கொடுங்கள், படித்து முடித்ததும், "எங்கே எண்ணிக்கை நின்றது?" என்று கேளுங்கள். அவர்கள் கண்டுகொள்வார்கள். நம் தீர்ப்பை ஏற்காத அன்பர்கள் அஞ்சலட்டையில் எழுதினால், அடுத்த இதழில் மகிழ்வோடு வெளியிடுவோம்.