ஸ்லைட்டின் நிறத்துக்கு இனிக் கடதாசி இல்லை

வடமராட்சியின் பழைய வீடுகளில், அலுமாரியின் மேல்தட்டில் இன்னும் சில சிறு பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே இரண்டு அங்குலச் சதுர அட்டைச் சட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துண்டு பிலிம். கப்பலில் வேலை செய்தவர்கள், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய வைத்தியர்கள், ஆசிரியர்கள் எடுத்து வைத்த ஸ்லைட்டுகள் அவை. இடப்பெயர்வுகளையும் 2004 ஆழிப்பேரலையையும் தாண்டி எஞ்சியவை.

பருத்தித்துறையில் ஒரு தாய் அப்படியொரு பெட்டியை என்னிடம் தந்தார். அவருடைய மகன் 1996 இல் காணாமலாக்கப்பட்டவர். வீட்டிலிருந்த அல்பங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. மகனின் நிறப்படம் என்று எஞ்சியிருப்பது, கப்பலில் இருந்து விடுமுறையில் வந்த மாமன் 1989 இல் எடுத்த ஒரேயொரு ஸ்லைட் மட்டும்தான். அதை முன்புபோல இருட்டறையில், நல்ல கடதாசியில் அச்சிட்டுத் தர முடியுமா என்பது தாயின் கேள்வி. பருத்தித்துறை, நெல்லியடி, யாழ்ப்பாணம், கொழும்பு என்று நான்கு மாதம் கேட்டுத் திரிந்தேன்.

"தம்பி, நெகட்டிவ் கொண்டு வந்தாலே இப்ப கழுவ ஆளில்லை. நீர் ஸ்லைட்டைக் கொண்டு வந்து நிக்கிறீர்" என்றார், முப்பது வருடம் ஸ்ரூடியோ நடத்திய ஒருவர். அவர் சொன்னது உண்மை. ஆனால் ஏன் அப்படி ஆனது, இது எங்களுக்கு ஏன் முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடதாசி எங்கே போனது?

சாதாரண பிலிமில் நெகட்டிவ் இருக்கும். அதிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஸ்லைட்டுக்கு நெகட்டிவ் கிடையாது. கமராவுக்குள் ஒளி பட்ட அதே பிலிம்தான் படம். அது போனால் எல்லாம் போயிற்று.

ஸ்லைட்டிலிருந்து நேரடியாக அச்சிட விசேட கடதாசி வேண்டும். அவற்றில் பெயர்பெற்றது சிபாகுரோம். 1960களில் சுவிற்சர்லாந்தின் சிபா நிறுவனம் உருவாக்கிய இது, பின்னர் இல்போர்ட் நிறுவனத்தின் கைக்கு வந்து இல்போகுரோம் எனப்பட்டது. மற்றக் கடதாசிகளில் நிறம் கழுவும்போதே உருவாகும். இதில் சாயங்கள் முன்கூட்டியே கடதாசியில் இருக்கும். தேவையற்ற சாயத்தை அமிலக் கரைசல் வெளிற்றிவிடும். அந்தச் சாயங்கள் உறுதியானவை என்பதால் அச்சுப் பல தசாப்தங்கள் மங்காது.

டிஜிட்டல் கமரா வந்தது, ஸ்லைட் எடுப்பவர்கள் குறைந்தார்கள். கொடாக் 2004 இல் ஸ்லைட் புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்தியது. 2009 இல் கொடாக்குரோம் பிலிமை நிறுத்தியது. உலகில் அதைக் கழுவிய கடைசிக் கூடம், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 டிசெம்பர் 30 உடன் புதிய சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஓரிரு வருடங்களில் இல்போகுரோம் கடதாசியின் கடைசி உற்பத்தியும் முடிந்தது. 2013 இறுதியில் அதன் சுவிஸ் தொழிற்சாலை நிறுவனமே வங்குரோத்தானது. 2018 இல் கொடாக் எக்ராகுரோம் ஸ்லைட் பிலிமை மீண்டும் கொண்டுவந்தது. பிலிம் திரும்பி வந்தது. அதை அச்சிடும் கடதாசி திரும்பவில்லை.

எங்களுக்கு இந்தக் காலக்கணக்கில் ஒரு கசப்பு உண்டு. 1990 முதல் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றறிக்கும் தடை. உலகம் ஸ்லைட்டைத் தாராளமாக அச்சிட்ட காலத்தில் இங்கே இருட்டு மட்டும்தான் தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்து, பெட்டிகளைத் திறந்து பார்க்கும் மனநிலை வந்தபோது தொழிற்சாலைகள் மூடத் தொடங்கியிருந்தன.

இங்கே எதைச் செய்ய முடியும்?

காலாவதியான சிபாகுரோம் கடதாசி வெளிநாடுகளில் இணைய ஏலத்தில் எப்போதாவது வரும். குளிரூட்டியில் வைத்திருந்தது என்றால் பயன்படலாம். ஆனால் அதன் வெளிற்றும் கரைசல் கடும் அமிலம். விமானத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள். கிடைத்தாலும் ஒரு கேள்வி இருக்கிறது: பயன்படுத்திய கரைசலை எங்கே ஊற்றுவது? எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளைக் கெடுத்ததைப் பார்த்த பிறகு இதை இலேசாக எடுக்க முடியாது.

இன்னொரு வழி, நெகட்டிவ் அச்சிடும் சாதாரண நிறக்கடதாசி. மினிலாப் இயந்திரங்களில் சுருளாகப் போடுவார்களே, அதுதான். அதை முழு இருட்டில் வெட்டி, ஸ்லைட்டின் ஒளியைப் பாய்ச்சி, முதலில் கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் கழுவி, பிறகு விளக்கைப் போட்டு மீதியை ஒளியூட்டி, அதன்பின் நிற டெவலப்பரில் இட்டால் நேர்ப்படம் வரும். கொழும்பிலுள்ள ஒரு லாப்பில் மீந்த சுருள்துண்டு ஒன்றும் இரசாயனமும் கிடைத்தன. நிற டெவலப்பருக்கு 35 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். பருத்தித்துறை வெயிலில் அது பெரிய பிரச்சினையல்ல. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அச்சில் வெள்ளைக் கறையாகப் படியும் என்பதால், கடைசிக் கழுவலுக்குப் பற்றறிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கினேன்.

படம் வந்தது. ஆனால் அந்தக் கடதாசி நெகட்டிவுக்காகச் செய்யப்பட்டது. நெகட்டிவில் ஒளி-நிழல் வேறுபாடு குறைவு. அதைக் கூட்டிக்காட்டும் விதமாகக் கடதாசியை ஆக்கியிருக்கிறார்கள். ஸ்லைட்டிலோ அந்த வேறுபாடு ஏற்கெனவே கூட. அதனால் முகத்தின் ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் வெளிறியும் விழுந்தது. ஸ்லைட்டில் இளம்பச்சையாகத் தெரியும் சட்டை, நிறவடிகட்டிகளை எப்படி மாற்றினாலும் ஒன்றில் மஞ்சளானது, அல்லது நீலம் கலந்தது. கலைஞர் ஒருவருக்கு இது அழகாக இருக்கலாம். பிள்ளை போட்டிருந்த சட்டையின் நிறம் தெரிந்த தாய்க்கு இதைக் கொடுக்க முடியாது.

நிறமும் சாட்சிதான்

செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 செப்டெம்பர் அளவில் சுமார் 240 மனித எலும்புத் தொகுதிகள் அடையாளங் காணப்பட்டன. ஓகஸ்ட் 5 ஆம் திகதி, அங்கே மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் நீதிமன்ற உத்தரவின்பேரில் மக்களுக்குக் காட்டப்பட்டன. இருபத்தைந்து, முப்பது வருட நினைவை வைத்துக்கொண்டு உறவுகள் அந்தத் துணிகளைக் குனிந்து பார்த்தார்கள்.

மண்ணுக்குள் கிடந்த துணி நிறம் மாறியிருக்கும். ஆனால் கோடா கட்டமா, எந்த வகைப் பொத்தான் என்பதைப் பழைய படமொன்று சொல்லக்கூடும். சிரிக்கும் முகத்தில் தெரியும் முன்பற்களின் வரிசை, தடயவியல் வைத்தியர்களுக்கு ஒப்பிடப் பயன்படும். அந்தக் காலத்து நிற அச்சுப்படங்கள் பல இன்று சிவந்து மங்கிவிட்டன. அதே வயதுடைய கொடாக்குரோம் ஸ்லைட், இருட்டில் இருந்திருந்தால், நிறத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும். ஆகவே அந்தச் சிறு பெட்டிகள் வெறும் குடும்ப ஞாபகங்கள் அல்ல. மூலத்தை மாற்றிக் காட்டும் அழகான அச்சைவிட, மூலத்துக்கு உண்மையான பிரதியே எங்களுக்கு இன்று வேண்டும்.

அதற்கான வழி டிஜிட்டல் பிரதிதான். ஸ்லைட்டை வெண்ணிற ஒளிமேசையில் வைத்து, மக்ரோ வில்லை பூட்டிய கமராவால் படமெடுக்கலாம். ஒளிமேசையின் வெறும் வெளிச்சத்தையும் அதே அமைப்பில் ஒரு படம் எடுத்து வைத்தால், பின்னர் நிறத்தைச் சரிபார்க்கலாம். கைத்தொலைபேசியால் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். பிரதி எடுத்த பின்னும் ஸ்லைட்டை எறியக்கூடாது. புரொஜெக்டரில் திரும்பத் திரும்பப் போடவும் கூடாது. கொடாக்குரோம் இருட்டில் நிலைக்கும், புரொஜெக்டர் வெளிச்சத்தில் விரைவாக மங்கும். எங்கள் கடற்காற்றுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது. யார், எங்கே, எப்போது என்பதைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

இதை ஒவ்வொரு தாயும் தனியாகச் செய்ய முடியாது. 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. ஸ்லைட்டுக்கும் நெகட்டிவுக்கும் அப்படியொரு முயற்சி ஊர் மட்டத்தில் வேண்டும். ஓர் அறை, ஒரு கமரா, ஒரு ஒளிமேசை, பயிற்சி பெற்ற இரண்டு பிள்ளைகள் போதும். பிரதேச சபை நூலகத்திலோ பாடசாலையொன்றிலோ தொடங்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஊடகக் கற்கை மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள களப்பயிற்சி கிடைக்காது. ஸ்லைட் உரியவரிடமே திரும்பிப் போக வேண்டும். படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். காணாமலாக்கப்பட்டோரின் படங்கள் யாருடைய கைக்குப் போகும் என்ற பயம் எங்களிடம் நியாயமாகவே இருக்கிறது.

சுவிற்சர்லாந்தில் நின்றுபோன கடதாசியை எங்களால் திரும்பச் செய்விக்க முடியாது. ஆனால் வடமராட்சியில் எத்தனை வீடுகளில் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றுள் யாருடைய முகங்கள் இருக்கின்றன என்ற கணக்கை எடுக்க வேறு யாரும் வரப்போவதில்லை. தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பவர் இன்னார் என்று விரலால் தொட்டுச் சொல்ல அவர்கள் இருக்கும் காலம்தான் எங்களுக்குள்ள தவணை.