குளிர்நாட்டுக்கு வரவு, சேலத்துக்குச் செலவு

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் எந்த நாளில் பூத்துக் குலுங்கின என்பதை ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக ஏட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள். 2021-இல் அவை மார்ச் 26-லேயே பூத்துவிட்டன. அந்த ஏட்டில் அதற்கு முன் அத்தனை முந்திய நாள் இல்லை. பூமி சூடேறுகிறது என்பதற்கு மரமே சொன்ன சாட்சி! ஐரோப்பாவிலும் கனடாவிலும் பனி முன்னதாக உருகுகிறது, விளைபருவம் நீள்கிறது. "சூட்டால் நன்மையும் உண்டு" என்று வாதாடும் மேதாவிகளும் அங்கே இருக்கிறார்கள்.

நன்மை யாருக்கு? சேலத்துக்கு வந்து பார்க்கட்டும்.

வரகம்பாடியிலும் அயோத்தியாப்பட்டணத்திலும் மாமரம் பூக்க மார்கழிக் குளிர் வேண்டும். இரவு குளிர்ந்து, மண் காய்ந்து கிடந்தால்தான் முற்றிய கிளை பூவெடுக்கும். இரவிலும் புழுக்கம் நின்றால்? பூவுக்குப் பதில் கொழுந்து விடும். பூத்தபின் பருவம் தவறிய மழை விழுந்தால் பூ கருகும். பங்குனி வெயில் மிஞ்சினால் பிஞ்சு உதிரும். மல்கோவாவோ முன்பே காய்ப்பில் கஞ்சன்! வசதியுள்ள தோப்புக்காரர் வேரடியில் கல்டார் மருந்து ஊற்றிப் பூவை வரவழைக்கப் பார்க்கிறார்.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியது என்று மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகமே 2020-இல் சொல்லிற்று. இவ்வளவுதானா என்பீர்கள். குளிர்நாட்டு மரம் உறைபனியின் ஓரத்தில் நிற்கிறது. அதற்குச் சூடு கதகதப்பு. நம் மரம் வெயிலின் ஓரத்தில் நிற்கிறது. அதற்குக் குளிரே சொத்து, அதுவும் ஆண்டுக்குச் சில வாரம். சூட்டைக் கிளப்பிய புகையில் பெரும்பங்கு அந்தப் பணக்கார நாடுகள் கக்கியதே.

நட்டம் எங்கே போய் விழுகிறது? காய் பறிப்பவர், கூடை சுமப்பவர், லாரியில் ஏற்றுபவர், பழம் தரம்பிரிக்கும் பெண்கள் ஆகியோர் சித்திரை, வைகாசிக் கூலியை நம்பி இருப்பவர்கள். காயில்லாத தோப்பில் கூலி ஏது? பயிர் மூன்றில் ஒரு பங்கு அழிந்தால் நிவாரணம் உண்டு. அது ஹெக்டேர் கணக்கு. ஹெக்டேர் இல்லாதவனுக்கு?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. வெயிலில் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மாண்டால் கணக்குண்டு, வேலையிழந்து உயிரோடு இருப்பவனுக்கு எந்த ஏட்டில் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்? மாம்பருவத்தில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பதிவேடு திறக்கச் சொல்லுங்கள், தோழர்களே. பருவம் பொய்த்த ஆண்டில் அந்தக் கூலி நாட்களும் நிவாரணக் கணக்கில் ஏற வேண்டும். வரும் மார்கழிக்கு முன்பே இந்தக் கோரிக்கை கலெக்டர் மேசைக்குப் போகட்டும்.