கடற்படைப் பயிற்சி என்றால் பீரங்கி மட்டும்தானா?

தம்பி வரும் ஜனவரியில் தேசிய சேவைக்குச் செல்கிறான். எந்தப் படையில் சேர்ப்பார்கள் என்று இன்னும் தெரியாது. ஆனால் கடல் தொடர்பான எந்தச் செய்தி வந்தாலும் அம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார். அண்மையில் வெளிநாட்டுப் போர்க்கப்பல்களோடு நம் கப்பல்களும் வரிசையாகச் செல்லும் காட்சியைக் காட்டினார்கள்.

“எதுக்கு இத்தனை கப்பல்? சண்டை ஏதும் வரப்போகுதா?” என்று கேட்டார் அம்மா.

“அதெல்லாம் படம் பிடிக்கத்தாம்மா,” என்றான் தம்பி.

எனக்கும் நீண்ட நாள் அப்படித்தான் தோன்றியது. என் வகுப்புத் தோழர்களில் சிலர் இன்னொரு விளக்கம் சொல்வார்கள்: இந்தப் பயிற்சிகள் ஏதோ ஒரு பெரிய நாட்டை மிரட்டத்தான் என்று. சிங்கப்பூரைப் பொறுத்தவரை அது பொருந்தவில்லை. நம் கடற்படை இந்தியாவுடன் 1994 முதலும் அமெரிக்காவுடன் 1995 முதலும் தொடர்ந்து பயிற்சி செய்துவருகிறது. சீனாவுடனும் 2015ல் இருதரப்புக் கடற்பயிற்சி தொடங்கிவிட்டது. யாரை மிரட்டுகிறோம் என்று சொல்வது கடினம்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு துயரச் சம்பவம். நான் உயர்நிலை நான்கில் இருந்தபோது, 2021 ஏப்ரல் 21ஆம் தேதி, இந்தோனீசியாவின் ‘நங்காலா’ நீர்மூழ்கிக் கப்பல் பாலித் தீவுக்கு வடக்கே காணாமற்போனது. உள்ளே 53 பேர். மின்சாரம் நின்றுபோயிருந்தால் மூன்று நாள்களுக்கு மட்டுமே உயிர்வாயு இருக்கும் என்றார்கள். வகுப்பில் நாங்கள் மணிக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்தோம்.

சிங்கப்பூரின் மீட்புக் கப்பலான ‘சுவிஃப்ட் ரெஸ்கியூ’ அன்று பிற்பகலே புறப்பட்டது. மலேசியா ஒரு கப்பலை அனுப்பியது. விசாகப்பட்டினத்திலிருந்து இந்திய மீட்புக் கலன் கிளம்பியது. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் தேடலில் சேர்ந்தன.

அன்றே எப்படிக் கிளம்ப முடிந்தது? நீர்மூழ்கி மீட்பில் உதவிக்கொள்வது பற்றி இந்தோனீசியாவும் சிங்கப்பூரும் 2012லேயே உடன்பாடு செய்திருந்தன. அதற்கும் முன்பு, 2000ல், ‘பசிபிக் ரீச்’ என்ற பன்னாட்டு நீர்மூழ்கி மீட்புப் பயிற்சி முதன்முதலில் சிங்கப்பூரில்தான் நடந்தது. மீட்புக் கலன் ஆழத்தில் இறங்கி, மூழ்கிய கப்பலின் மேல்மூடியைச் சுற்றியுள்ள வளையத்தின்மீது நீர் புகாதபடி உட்கார வேண்டும். ஒரு நாட்டின் கலன் இன்னொரு நாட்டின் கப்பலில் பொருந்துமா என்பதை விபத்து நடந்தபிறகு சோதித்துப் பார்க்க முடியாது. யார் எந்த அலைவரிசையில் பேசுவது, யார் உத்தரவு கொடுப்பது என்பதும் அப்படித்தான். தொலைக்காட்சியில் இவற்றைக் காட்டமாட்டார்கள். பீரங்கி வெடிப்பது பார்க்க நன்றாக இருக்கிறது, வேறென்ன?

‘நங்காலா’வில் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. ‘சுவிஃப்ட் ரெஸ்கியூ’ இறக்கிய ஆளில்லாக் கலன் 838 மீட்டர் ஆழத்தில் அதைப் படம்பிடித்தது. கப்பல் மூன்று துண்டாகிக் கிடந்தது. அப்படியானால் இத்தனை ஆண்டுப் பயிற்சியும் வீண்தானா என்று கேட்கலாம். அன்று நானும் கேட்டேன். பிறகு ரஷ்யாவின் ‘குர்ஸ்க்’ பற்றிப் படித்தேன். 2000 ஆகஸ்டில் 118 பேருடன் அது மூழ்கியபோது, வெளிநாட்டு உதவியை ஏற்றுக்கொள்வதற்கே நான்கு நாள்கள் ஆயின. உடனே ஏற்றிருந்தால் யாராவது பிழைத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. அழைக்கலாமா வேண்டாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் நேரம் ‘நங்காலா’ விபத்தில் வீணாகவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல் இல்லைதான்.

இதற்காகப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் நான் பாராட்டப் போவதில்லை. நம் வாசலிலேயே ஒரு குறை இருக்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மாலையில் நின்றால் தொடுவானம் முழுக்கச் சரக்குக் கப்பல்கள் தெரியும். நீரிணையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. 2004ல் இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் மலாக்கா நீரிணையில் சுற்றுக்காவலைத் தொடங்கின. வெளிநாட்டுப் படைகள் வந்து காவல் காக்கவேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்ற பிடிவாதமும் அதில் இருந்தது. 2005ல் லண்டன் காப்புறுதிச் சந்தை நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டே நீக்கியது. அந்த ஒத்துழைப்பு பலன் தந்தது.

ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. ஆசியக் கடற்கொள்ளைத் தகவல் மையமான ‘ரீகேப்’ கணக்குப்படி, மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 2022ல் 55 சம்பவங்கள், 2023ல் 63. பெரும்பாலும் இரவில் சிறு படகில் வந்து ஏறி, இயந்திர உதிரிபாகங்களைத் திருடிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் கடற்பகுதிக்குள் மட்டுமே காவல் காக்கிறது. திருடனின் படகோ சில நிமிடங்களில் அடுத்த நாட்டு எல்லைக்குள் போய்விடுகிறது. அந்த மையம் இருப்பது சிங்கப்பூரில்; பக்கத்திலிருக்கும் மலேசியாவும் இந்தோனீசியாவும் இன்னும் அதில் உறுப்பினராகவில்லை.

2017ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ எண்ணெய்க் கப்பலுடன் மோதி பத்து மாலுமிகள் இறந்தார்கள். அன்று நாமும் மலேசியாவும் உடனே உதவிக்கு ஓடினோம். அது யாருடைய கடற்பகுதி, தேடலை யார் வழிநடத்துவது என்ற கருத்து வேறுபாடும் கூடவே வந்தது.

இறையாண்மையை விட்டுக்கொடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பது சிறிய விஷயம். எல்லையைத் தாண்டும் படகை அடுத்த நாட்டுக் கப்பலிடம் ஒப்படைப்பதை மூன்று நாடுகளும் அடிக்கடி, இரவு நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒத்திகை பார்க்கட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் வெளியிடட்டும். அடுத்த ஆண்டு அது குறைந்திருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொள்கிறோம். ஏவுகணைப் படத்தைவிட அந்த எண் எனக்கு அதிகம் சொல்லும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். ‘சுவிஃப்ட் ரெஸ்கியூ’ கதையை மட்டும் கவனமாகக் கேட்டார்.

“அந்த மாதிரி வேலைன்னா இவன் போகட்டும்,” என்றார்.

“நான் நூறு மீட்டர் நீந்தினாலே மூச்சு வாங்குது,” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.