காற்றா தள்ளுகிறது?

தீக்குச்சித் தொழிற்சாலையின் பெயர் சுமந்து நிற்கும் நமது விம்கோ நகரில் அண்மையில் ஒரு கூட்டம். "எண்ணூர்க் கடலிலே பாய்மரம் ஓடுவதுபோல், சூரியக் காற்றைப் பாயில் வாங்கி விண்கலம் விரைகிறது, ஆதித்யாவும் அப்படித்தான் சென்றது!" என்று முழங்கினார் பேச்சாளர். கைதட்டினோம். பகுத்தறிவு பேசும் நாமும்தான் தட்டினோம்! மறுநாள் வகுப்பிலும் அதையே சொன்னோம். மாணவி ஒருத்தி எழுந்தாள். "அந்தக் காற்று எவ்வளவு பலமாகத் தள்ளும், ஐயா?" விடை இல்லை, விழித்தோம்.

புட்பக விமானத்தை நம்புவோரைப் பார்த்து, "கண்டவர் யார், கணக்கு எங்கே?" என்று கேட்கிறோமே! நம்மிடம் கணக்குக் கேட்டபோது வாய்மூடி நின்றோமே! அவருக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

கணக்கைத் தேடினோம். சூரியக் காற்று காற்றன்று. மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பூமியை எட்ட நான்கு நாள். வேகம் பெரிது, பொருளோ சொற்பம். பூமியருகே ஒரு கன சென்டிமீட்டரில் சில துகள்களே! சூரிய ஒளியின் அழுத்தம் அதனினும் ஆயிரம் மடங்குக்கு மேல். 2010இல் ஜப்பான் ஏவிய இக்காரோஸ் 14 மீட்டர்ச் சதுரப் பாயை விரித்தது, தள்ளியது ஒளி. ஓட்டத்துக்கு எதிராக ஒளியழுத்தம் விழும்படி பாயைச் சாய்த்தால், கலம் வேகம் தளர்ந்து சூரியனை நோக்கிச் சரியும். ஓட்டத்தின் திசையில் விழச் செய்தால் சுற்றுப்பாதை விரியும்.

சூரியக் காற்றால் பயனே இல்லையா? மின்னூட்டிய நீண்ட கம்பிகளால் அத்துகள்களைத் திருப்பி உந்துதல் பெறலாம் என்கின்றனர் அறிஞர். 2013இல் எஸ்தோனியா அனுப்பிய சிறு செயற்கைக்கோள் அதைச் சோதிக்க முனைந்தது, கம்பி விரியவில்லை. விரியவில்லை என்றே உலகுக்குச் சொன்னார்கள். அதுவன்றோ அறிவியல்!

ஆதித்யா? 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவில் எழுந்து, ராக்கெட்டாலும் தன் பொறிகளாலும் உந்தப்பட்டு, 2024 சனவரி 6இல், 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்-1 புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. அங்கே பூமியின் ஈர்ப்பு சூரியனின் ஈர்ப்பைச் சற்றே தளர்த்துகிறது. ஆதலால் பூமியோடு ஒத்து, ஆண்டுக்கொரு முறை சூரியனைச் சுற்றுகிறது கலம். சூரியக் காற்றில் ஏறிப் போகவில்லை. அதை அளக்கப் போயிற்று! திட்ட இயக்குநர் நம் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. அவரை அவ்விடத்தில் அமர்த்தியது கைதட்டலா? கணக்கு!

வகுப்புக்குத் திரும்பினோம். "நாம் சொன்னது தவறு" என்றோம். மானம் போகவில்லை, மடமைதான் போயிற்று.

மேடையேறும் தோழர்களே! "எவ்வளவு?" என்று கேட்பவளை "உட்கார்" என்று அதட்டாதீர்! விம்கோ நகரில் அன்று தீக்குச்சி கிழித்தவள் அவள். இருட்டில் இருந்தவர் நாம்.