2 பேன் ஓடினால் 100 யூனிட் காலி!

கீழ்பென்னாத்தூர்:
அக்னி வெயிலில் கீழ்பென்னாத்தூர் வட்டார வீடுகளில் மின்விசிறிக்கு ஓய்வே கிடையாது. 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் 2016-ல் வந்தது. அது எங்கே போகுது?

பழைய சீலிங் பேன் சுமார் 75 வாட் இழுக்கும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் 54 யூனிட். 2 பேனுக்கு 108. லைட், டி.வி. கணக்குக்கு முன்பே இலவசம் காலி!

பி.எல்.டி.சி. பேன் சுமார் 30 வாட்தான். இரண்டுக்கும் சேர்த்தே 43 யூனிட். விலை கூடுதல்தான். அதனால் ராத்திரி முழுக்க ஓடும் பேனை முதலில் மாற்றலாம். எப்போதாவது ஓடுவதை மாற்றி பெரிய லாபமில்லை.

சீலிங் பேனுக்கு ஸ்டார் முத்திரை 2023 முதல் கட்டாயம். கடைக்காரர் பேச்சை விட, பெட்டியில் எத்தனை வாட் என்று பாருங்க.