உய்யக்கொண்டானுக்கு நடைபாதை போதுமா?

உய்யக்கொண்டான் கரையில் நடைபாதை போட்டதை ஒரு நண்பர் ஓயாமல் புகழ்கிறார். நடக்கலாம்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு! சோழர் காலத்துப் பாசன வாய்க்கால் ஐயா அது. பேட்டைவாய்த்தலையில் காவிரித் தண்ணீராகப் புறப்பட்டு, திருச்சிக்குள் நுழைந்ததும் சாக்கடையாகிறது. குடமுருட்டியும் அதே கதைதான். அது போய் விழுவது காவிரியில்.

பஞ்சப்பூரில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வீட்டுக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்தால்தானே கழிவு அங்கே போகும்? இணைப்புக்குப் பணம் கட்ட மனமில்லாமல் மழைநீர் வடிகாலில் திருப்பிவிடுகிறோம். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் அதே காவிரித் தாய்க்குக் காதோலை கருகமணி!

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். (அங்கே அரசலாறாக வந்து கடலில் சேருவதும் காவிரிதான்.) சேன் நதியைப் பற்றி அவ்வளவு பாடம் நடத்திய வாத்தியார், அதில் குளிக்க 1923-லேயே தடை போட்டதைச் சொல்லவே இல்லை. 2025-இல் பாரீஸ்காரர்கள் மறுபடி அதில் இறங்கிக் குளித்தார்கள். ஆற்றில் கழிவுவிட்ட வீடுகளையும் படகுவீடுகளையும் தேடிப்பிடித்துச் சாக்கடைக் குழாயில் இணைத்தார்கள். பெருமழையில் பொங்கும் நீரைத் தேக்க 50,000 கனமீட்டர் தொட்டி கட்டினார்கள்.

பாதாளச் சாக்கடை உள்ள தெருக்களில் இணைப்பு வாங்காத வீடுகளின் பட்டியலை மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: நோட்டீஸுக்கு அசையாதவர்கள், பலகையில் பெயரைப் பார்த்தால் மறுநாளே பணத்தோடு வரிசையில் நிற்பார்கள்.