ஒரே கொடி, இரண்டு சுடுகாடு

என் சித்தப்பா முப்பது வருஷம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். கூலி உயர்வு கேட்டு ஜெயிலுக்குப் போனவர். ஒரு ஐப்பசி அடைமழையில் செத்துப்போனார். செங்கொடி போர்த்தித் தூக்கினோம். எங்கள் சுடுகாட்டுக்கு நடுத்தெரு வழியாகப் போனால் பத்து நிமிஷம். 'பொணம் இந்தப் பக்கம் வரக்கூடாது' என்று ஊர்க்காரர்கள் மறித்து நின்றார்கள். வயலுக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனோம். கூட வந்த ஊர்த்தெருத் தோழர் என் காதில் சொன்னார்: "இப்ப வேணாம் தம்பி. பொணத்த வச்சிக்கிட்டு பிரச்சினை பண்ணாதீங்க."

அடுத்த தை மாசம் அந்தத் தோழரே செத்தார். அதே சங்கம், அதே செங்கொடி. பாடை நடுத்தெருவில் போனது. ஊர்ச் சுடுகாட்டில் எரிந்தார். நாங்கள் தெருமுனையில் நின்று வீரவணக்கம் சொன்னோம்.

1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். அன்றிலிருந்து சிகாகோ தியாகிகளைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுகிறோம். அவர்களை எங்கே புதைத்தார்கள் என்று பேசியிருக்கிறோமா?

1887 நவம்பர் 11இல் ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், எங்கல் நால்வரையும் அரசு தூக்கில் போட்டது. முந்தின நாளே லிங் சிறையில் செத்திருந்தார். பேச்சும் பதாகையும் கூடாது என்று மேயர் தடை போட்டார். ஆனாலும் 13ஆம் தேதி ஐந்து சவப்பெட்டிகளும் சிகாகோ வீதிகள் வழியாகத்தான் போயின. தூக்கில் தொங்கியவனுக்குத் தெரு கிடைத்தது. நோயில் செத்த என் சித்தப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

நகரத்துக்கு வெளியே, மதம் பார்க்காத ஜெர்மானியர் இடுகாடான வால்தைமில் புதைத்தார்கள். 1893இல் நினைவுச்சின்னம் எழுந்தது. 1940இல் எம்மா கோல்ட்மன் அங்கே வந்து சேர்ந்தார். 1942இல் லூசி பார்சன்ஸ். கறுப்பின அடிமைத் தாயின் மகள் அவர்.

அமெரிக்காவில் நிறவெறி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கறுப்பர்களுக்குத் தனி இடுகாடுகளும் இருந்தன. ஆனால் அந்தத் தோழர்கள் தங்கள் பிணங்களைப் பிரிக்கவில்லை.

1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் எரிந்த 44 பேருக்கு வீரவணக்கம் செலுத்த எங்கள் ஊரிலிருந்தும் வருஷா வருஷம் வேன் போகிறது. சேரியும் ஊரும் ஒரே வேனில்தான் போகிறோம். திரும்பி வந்து இறங்கினால் சுடுகாடு இரண்டு. வர்க்கம் ஒன்று என்கிறீர்களே, அது சாவு விழுந்தால் மட்டும் ஏன் இரண்டாகிறது?

எங்கள் தெருவில் அடுத்த சாவு விழும்போது நடுத்தெருவில்தான் போவோம். தோழர்களே, பாடைக்கு முன்னால் தோள் கொடுக்க வாங்க. அதுக்கப்புறம் சிகாகோவைப் பத்திப் பேசலாம்.